சோபாவை மூன்றாக வெட்டிய கதை

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே! இந்தக் கடைவீதியில் கண்ணாடிக் கடை வைத்து, எங்கள் முகத்தை எங்களுக்கே காட்டிவரும் கனவானே! போட்டியிட ஆளில்லாத காரணத்தால் ஒவ்வொரு முறையும் பெருவெற்றி பெறும் வணிகர் சங்கத் தலைவரே!

இன்று திறப்பு விழா காணும் டேப்லெட் விற்பனை நிலையத்தின் உரிமையாளர் அவர்களே! வாசலில் "உலகம் உங்கள் மடியில்" என்று வண்ண விளக்கால் எழுதி வைத்து, அந்த மடியில் நேற்றுவரை இருந்த குழந்தைகளை இறக்கிவிட்ட இனியவரே! முன்வரிசையை முந்திக்கொண்டு பிடித்த மூத்தோர்களே! வீட்டில் பேச ஆளில்லாததால் வீதியில் பேச்சுக் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து என்னைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து, என் முகத்துக்குப் பதிலாக அந்த டேப்லெட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமைமிகு பொதுமக்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சோபாக்காரனின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

என்னை எதற்காக இந்த மேடையில் ஏற்றினார்கள்? நான் கணினி படித்தவனா? கருவி செய்தவனா? இல்லை. எதிர்ப்புறக் கடையில் சோபா செய்து விற்பவன். பழைய சோபாவுக்குப் பஞ்சு மாற்றி, ஸ்பிரிங் மாற்றி, உறை மாற்றிக் கொடுப்பவன். நீங்கள் எப்படி நடக்கிறீர்கள், எப்படி நிற்கிறீர்கள் என்று மற்றவர்கள் அறிவார்கள். எப்படி உட்காருகிறீர்கள் என்பதை அறிந்தவன் நான் ஒருவனே.

உரிமையாளர் நேற்று என் கடைக்கு வந்தார். "அண்ணே, நீங்க நல்லாப் பேசுவீங்களாமே. நம்ம பொருளைப் பத்திக் கொஞ்சம் புகழ்ந்து பேசிக் கொடுங்கண்ணே" என்றார். கொடுத்துவிட்டேன் வாக்கு. ஆகவே அன்பர்களே, இன்று நான் புகழப் போகிறேன். தயவுசெய்து யாரும் தடுக்காதீர்கள்.

அந்தக் காலத்துக் கொடுமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சி. அதற்கு ஒரு ரிமோட். அந்த ரிமோட்டுக்கு ஓராயிரம் சண்டை. அப்பாவுக்குச் செய்தி, அம்மாவுக்குத் தொடர், அண்ணனுக்குப் பந்தாட்டம், தங்கைக்குப் பாட்டு. யாருக்கும் முழுசாக எதுவும் கிடைக்காது. எல்லோரும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்துத் தொலைக்க வேண்டும்! பந்தாட்டம் பிடிக்காத அம்மாவுக்கு ஆட்டக்காரர்களின் பெயரெல்லாம் தெரிந்திருந்தது. தொடரைத் திட்டிக்கொண்டே இருந்த அப்பாவுக்கு, அந்த மருமகள் ஏன் வீட்டை விட்டுப் போனாள் என்பது அம்மாவை விட நன்றாகத் தெரிந்திருந்தது. இப்படி ஒருவர் ரசனை மற்றவர்மேல் ஒட்டிக்கொள்ளும் சுகாதாரமற்ற சூழ்நிலை!

அதைவிடப் பெரிய துன்பம் விளம்பரம். படம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது பற்பசை வந்துவிடும். உடனே வீட்டில் வாய்கள் திறந்துகொள்ளும். "நாளைக்கு ஸ்கூல்ல வரச் சொல்லியிருக்காங்க." "கேஸ் தீரப்போகுது." "எனக்குப் பல்லு வலிக்குது." "பெரியப்பா கீழ விழுந்துட்டாராம்." குடும்பத்தின் மொத்த நிர்வாகமும் அந்தப் பற்பசைக்கும் சோப்புக்கும் நடுவில்தான் நடந்து முடிந்தது.

இந்தப் பெருந்துன்பத்தைப் போக்க வந்ததல்லவா டேப்லெட்! விளம்பரம் போனது, வீட்டுப் பேச்சும் போனது. படுத்துக்கொண்டு பார்க்கலாம், கைதவறி மூக்கின்மேல் விழும்வரை பார்க்கலாம். குளியலறையில் பார்க்கலாம். பிடிக்காத பாட்டைத் தாண்டலாம். பிடிக்காத ஆளைத் தாண்டலாம். ஓராண்டு பாடுபட்டு ஒருவர் எடுத்த படத்தை இரட்டை வேகத்தில் ஓட்டி, சாப்பிட்டு முடிப்பதற்குள் பார்த்து முடித்து, "ஸ்லோவா இருக்கு" என்று தீர்ப்பும் எழுதலாம். கதாநாயகி கண்ணீர் விடும் கட்டத்தில் நிறுத்திவிட்டுப் பல் துலக்கப் போகலாம். நீங்கள் திரும்பி வரும்வரை அந்தக் கண்ணீர்த் துளி கன்னத்திலேயே காத்திருக்கும்.

என்ன, கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள், தட்டுங்கள். படம் பிடிப்பவர்கள் தட்ட வேண்டாம், பொருள் கீழே விழுந்துவிடும். உரிமையாளர் புதிதாக ஒன்று விற்றுவிடுவார்.

என் தொழிலுக்கும் இந்தக் கருவி என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? வாழ வைத்தது ஐயா, வாழ வைத்தது! முன்பெல்லாம் சோபா கேட்டு வருபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "டிவி எந்தப் பக்கம் இருக்கு?" இப்போது அவர்களே சொல்லிவிடுகிறார்கள், "பிளக் பாயிண்ட் இந்தப் பக்கம் இருக்கு" என்று. கைப்பிடியில் சார்ஜருக்கு ஒரு பை, டேப்லெட் சாய்ந்து நிற்க ஒரு பள்ளம். அருகில் இன்னொருவர் உட்கார இடம் வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அப்படி என் கடைக்கு வந்தவர்தான் ஒரு மேலாளர். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பெரிய பொறுப்பு. அவருக்கு மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். கட்டட வரைபடம் வரையும் மகள் ஒருத்தி. கல்லூரிக்குப் போகும் மகன் ஒருவன். நால்வருக்கும் என் கையால் செய்த மூவர் சோபா ஒன்று அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தது. மூன்று பேர் உட்கார, நான்காமவன் கைப்பிடியில் தொற்றிக்கொள்வான்.

மேலாளர் சொன்னார்: "அந்தச் சோபாவை வெட்டி மூணு தனிச் சேராப் பண்ணிக் கொடுத்துடுங்க."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம். "சார், சோபா நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கூடத்துல யாருமே உக்கார்றதில்லை. எனக்கு பால்கனியில ஒண்ணு, பொண்ணுக்கு அவ ரூம்ல ஒண்ணு, பையனுக்கு அவன் ரூம்ல ஒண்ணு. எல்லாரும் அவங்கவங்க டேப்ல பாக்குறோம். வீணா எதுக்குக் கிடக்கணும்?"

"அம்மாவுக்கு?"

"அவ எங்கங்க உக்கார்றா? பொண்ணோட பழைய டேப் ஒண்ணை சமையலறை அலமாரியில சாய்ச்சு வச்சுக்கிட்டு, நின்னுக்கிட்டேதான் பாப்பா."

கேட்டீர்களா தாய்மார்களே? எவ்வளவு சிக்கனமான குடும்பம்! ஒரு சோபாவும் மிச்சம், ஒரு நாற்காலியும் மிச்சம்.

அளவெடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்தால் அப்படி ஓர் அமைதி. ஆனால் ஆள் இல்லாத வீடில்லை. பால்கனியில் ஒருவர், இந்த அறையில் ஒருவர், அந்த அறையில் ஒருவர். காதில் கருவி, கையில் கருவி. அவ்வப்போது ஓர் அறையிலிருந்து "ஐயய்யோ!" என்று சத்தம் வரும். சற்று நேரம் கழித்து இன்னோர் அறையிலிருந்து அதே "ஐயய்யோ!" வரும். பிறகு பால்கனியிலிருந்து வரும். மூவரும் பார்ப்பது ஒரே தொடர்தான்! ஒரே கொலைகாரன், ஒரே கத்தி. ஆளுக்கொரு நேரத்தில் ஆளுக்கொரு பிணம்.

இங்கேதான் அந்த வீட்டின் மாபெரும் சட்டத்தைச் சொல்ல வேண்டும். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அந்த நர்ஸம்மா வாய் தவறி, "பாவம், அந்த வக்கீல் செத்துப்போயிட்டான்ல" என்று சொல்லிவிட்டாராம். மகன் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லையாம். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனானாம். மகள் தாயோடு பேசவே இல்லையாம். உடனே மேலாளர் குடும்பத்தைக் கூட்டிச் சட்டம் இயற்றினார். எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை, பார்த்ததைப் பற்றி யாரும் யாரிடமும் மூச்சுவிடக்கூடாது. எல்லோரும் எப்போது பார்த்து முடிப்பது? இந்தத் தொடர் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறதே! ஆகவே அந்த வீட்டில் நிரந்தர மௌனம். என்ன ஒழுக்கம்! என்ன கட்டுப்பாடு!

நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. வேலை முடிந்து நர்ஸம்மா வந்தார். சீருடை கசங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எல்லாரும் கொஞ்சம் வாங்களேன். ஒரு விஷயம் சொல்லணும்."

மூன்று திசையிலிருந்தும் ஒரே குரல்: "சொல்லாதே! நான் இன்னும் பாக்கலை!"

"அது இல்லடா, இது வேற…"

"அம்மா, ப்ளீஸ்! சொல்லாதீங்கம்மா!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வீட்டில் காதில் கருவி மாட்டாதவன் நான் ஒருவன்தானே? என்னிடம் சொன்னார்: "வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி. ஒரு வார்டு முழுக்க என் பொறுப்புல தர்றேங்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். போனா அங்கேயே தங்கணும். இவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க?"

எப்படிப்பட்ட செய்தி! அதை ஒரு மனைவி, ஒரு தாய், அளவுநாடா பிடித்த அந்நியனிடம் சொல்கிறார். நான் என்ன சொல்வேன்? "சாப்பிடும்போது சொல்லுங்கம்மா" என்றேன். "தட்டை எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போயிடுவாங்க" என்றார்.

இதோ, தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "சுருக்கமாகப் பேசவும்." பாருங்கள், என்னையும் இரட்டை வேகத்தில் ஓட்டப் பார்க்கிறார்! தலைவர் அவர்களே, நான் டேப்லெட்டில் வரவில்லை, நேரில் நிற்கிறேன். என்னைத் தாண்ட உங்களிடம் பொத்தான் கிடையாது.

சோபா என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருக்கிறேன், அந்த அம்மா வந்து நின்றார். கையில் அந்தப் பழைய டேப்லெட், மூலையில் விரிசல் விட்டது. "அண்ணே, ஒரு உதவி. நான் நேர்ல பேசினா கேக்க மாட்டாங்க. திரையில வந்தா கேப்பாங்க. இதைக் கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா?" என்றார்.

வெட்டுவதற்காக வைத்திருந்த தன் வீட்டுச் சோபாவில், நடு இருக்கையில் போய் உட்கார்ந்தார். அது அவருடைய இடம். அங்கே ஸ்பிரிங் இறங்கியிருந்த ஆழத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். நான் டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் சத்தம். பின்னால் சுவரில் துணி மாதிரிகள் தொங்குகின்றன. அன்பர்களே, நானும் ஒரு படம் எடுத்தவன்! ஒளிப்பதிவு அடியேன். அந்தப் படத்தை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல், தாண்டாமல், ஓட்டாமல் பார்த்த ரசிகனும் அடியேன்தான், ஏனென்றால் எதை அழுத்தினால் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

அவர் பேசினார். புது வேலையைப் பற்றிச் சொன்னார். அந்த வார்டில் எத்தனை பெரிய சன்னல்கள் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சொன்னார்: "எனக்குப் போகணும்னும் இருக்கு. உங்களை விட்டுட்டு எப்படின்னும் இருக்கு. நீங்க போன்னு சொன்னாலும் எனக்குச் சந்தோஷம். போகாதேன்னு சொன்னாலும் சந்தோஷம். வெள்ளிக்கிழமைக்குள்ள யாராவது ஒருத்தர் ஏதாவது ஒண்ணு சொல்லுங்க." அவ்வளவுதான். எழுந்து, சோபாவை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, மூவருக்கும் அனுப்பிவிட்டுப் போனார்.

நான் சோபாவை வெட்டினேன். தொழில் ஐயா, தொழில். மரச்சட்டத்தை அறுத்து, கால்கள் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் புதுக் கைப்பிடி வைத்து, மூன்று தனி நாற்காலிகள் ஆக்கினேன். வேலை கச்சிதமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மதியம் அவற்றை எடுத்துப்போக மேலாளரும் மகளும் மகனும் வந்தார்கள். ஆளுக்கொரு நாற்காலியில் அமர்ந்து, ஆளுக்கொரு டேப்லெட்டைக் கையில் பிடித்துச் சோதித்துப் பார்த்தார்கள். மகன் தற்செயலாகத் தலையைத் தூக்கினான். அதிசயம்தான், ஆனால் தூக்கினான்.

"அக்கா, இந்தச் சுவரை எங்கயோ பாத்திருக்கேன். அம்மா அனுப்பின வீடியோல வருதுல்ல?"

"ஏய், சொல்லாதே! நான் இன்னும் பாக்கலை. ஞாயித்துக்கிழமை நிம்மதியாப் பாக்கலாம்னு சேவ் பண்ணி வச்சிருக்கேன்."

மேலாளர் சொன்னார்: "நான் பாதி பாத்தேன். ஏதோ வேற ஊர்ல வேலைன்னு ஆரம்பிச்சா. அதுக்குள்ள ஆபீஸ் போன் வந்துருச்சு. அப்படியே நிறுத்தி வச்சிருக்கேன். கட்டைவிரல் மட்டும் போட்டு விட்டேன்."

"நான் ஓட்டிப் பாத்தேம்பா. ஹெட்செட்ல சார்ஜ் இல்லை, அதனால சத்தம் வைக்கலை. நடுவுல அம்மா சிரிச்சாங்க. ஏதோ நல்ல விஷயம் போலன்னு ஹார்ட் போட்டேன்."

மகள் இப்போதுதான் நிமிர்ந்தாள். "வேற ஊர்ல வேலையா? அப்பா, தெரிஞ்சும் ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லலை?"

அதற்கு அந்தப் பெரிய மனிதர் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "நீங்கதான் இன்னும் பாக்கலையே! சொன்னா கத்துவீங்களே!"

பெற்றெடுத்த தாய் எங்கே போகிறாள் என்பதுகூட அந்த வீட்டில் கதையின் முடிவாகிவிட்டது! சட்டம் என்றால் சட்டம். கொலைகாரனுக்கும் அதே மரியாதை, பெற்றவளுக்கும் அதே மரியாதை. இதைவிடச் சமத்துவம் வேறெங்கே உண்டு?

எனக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன். "முழுசாப் பாத்தவன் நான் இருக்கேன். முடிவை நான் சொல்லட்டுமா?" என்றேன்.

மூவரும் ஒரே குரலில், "வேணாம்!"

மகள் தன்னுடையதைத் திறந்தாள். ஒன்றாகப் பார்க்கலாம் என்று மூவரும் நாற்காலிகளை நெருக்கமாக இழுத்தார்கள். வரவில்லை. எப்படி வரும்? நான் வைத்த கைப்பிடிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றனவே! தலை எட்டவில்லை, திரை தெரியவில்லை. கடைசியில் மூன்று புது நாற்காலிகளையும் விட்டுவிட்டு, வெட்டிய பஞ்சுத் துணுக்குகள் சிதறிக்கிடந்த தரையில் உட்கார்ந்தார்கள். மகள் நடுவில், தோளோடு தோள் இடிக்க. முதலிலிருந்து ஓட விட்டார்கள். ஒருவரும் நிறுத்தவில்லை, ஒருவரும் தாண்டவில்லை. பக்கத்துப் பட்டறைச் சுத்தியல் சத்தம் கேட்டது, சன்னல்கள் வந்தன, சிரிப்பு வந்தது. "யாராவது ஒருத்தர் ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்பதும் வந்தது.

திரை இருட்டானது. மேலாளர் மெல்லக் கேட்டார்: "இன்னிக்கு என்ன கிழமை?"

அவருக்கே தெரியும். நான்தான் சொன்னேன், "சனிக்கிழமை சார்."

"காலையில பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினா. வரேன்னு சொன்னா. ம்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக்குத்தான் போறான்னு நினைச்சேன்."

உடனே போன் போட்டார். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது. என் பட்டறை முழுக்க ஒரு பேருந்தின் சத்தம்.

"எங்க இருக்க?"

"பஸ்ல. பாதி வழிக்கு மேல வந்தாச்சு. நேத்து சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். நீங்க கட்டைவிரல் போட்டிருந்தீங்க, சின்னவன் ஹார்ட் போட்டிருந்தான். போகச் சொல்றீங்கன்னு எடுத்துக்கிட்டு, சரின்னு சொல்லிட்டேன்."

"ஐயோ, நான் முழுசாப் பாக்கலைம்மா. இப்பத்தான் பாத்தேன். இப்ப சொல்றேன் கேளு, நான் என்ன சொல்றேன்னா…"

அந்த அம்மா இடைமறித்தார். சத்தம் போடவில்லை, அழவில்லை.

"சொல்லாதீங்க. நான் இன்னும் போய்ப் பாக்கலை."

வைத்துவிட்டார்.

கோபத்தில் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எத்தனையோ சோபாக்களைப் பிரித்தவன் நான். அன்று அந்தத் தகப்பன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்ல வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, பஞ்சுக் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்திருந்த காட்சியை இன்னும் என்னால் தாண்ட முடியவில்லை.

என்னம்மா? பின்னாலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "அப்புறம் என்ன ஆச்சு?" ஆ! பார்த்தீர்களா? "சொல்லாதே" என்று இங்கே ஒருவராவது கத்தினீர்களா? சொல்கிறேன் தாயே, சொல்கிறேன்.

அந்த நர்ஸம்மா திரும்பி வரவில்லை. வேலையில் சேர்ந்தார். நன்றாக நடத்துகிறாராம். அவர் போனது தவறென்று சொல்ல நான் யார்? போக வேண்டிய இடத்துக்குத்தான் போனார். ஒருவேளை எல்லோரும் கூடிக் கையசைத்து அனுப்பியிருந்தாலும் போயிருப்பார். ஆனால் ஒரு வாய்ச் சொல்லைக் கேட்டுவிட்டுப் போக ஆசைப்பட்டார். அந்த ஒரு சொல் கிடைக்கவில்லை. கதாநாயகியின் கண்ணீர் காத்திருக்கும் ஐயா, பேருந்து காத்திருக்காது!

மேலாளர் நாற்காலிகளை எடுத்துப் போகவில்லை. "மறுபடி ஒண்ணாச் சேர்க்க முடியுமா?" என்று கேட்டார். "நாலு பேர் உக்கார்ற மாதிரி?" என்றும் கேட்டார். நாலு பேர் சோபா உங்கள் வீட்டு வாசலில் நுழையாது என்று சொல்லிவிட்டேன். நடுக் கைப்பிடிகளைக் கழற்றி, மரச்சட்டங்களைச் சேர்த்து, போல்ட் போட்டு முறுக்கிக் கொடுத்தேன். நன்றாகத்தான் நிற்கிறது. இடையில் தையல் தெரியும். அதை மறைக்கக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள்.

இப்போது அந்த வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? அந்த அம்மாவுக்கு வேலை முடிகிற நேரத்தில் மூவரும் அந்தச் சோபாவில் வந்து உட்காருகிறார்கள். நடு இருக்கையில் யாரும் உட்காருவதில்லை, மகன் பழையபடி கைப்பிடியில்தான். அங்கே ஒரு தலையணை, அதன்மேல் ஒரே ஒரு டேப்லெட். அதில் அவர் முகம். இரு பக்கத்திலிருந்தும் குனிந்துகொண்டு பேசுகிறார்கள், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசுகிறார்கள். பல்வலி, கேஸ், கல்லூரி எல்லாம் வருகிறது. கருவி அதே கருவிதான், உரிமையாளர் அவர்களே! முகம் வாடாதீர்கள், உங்கள் பொருளில் குறையே இல்லை. நிறுத்தவும் தாண்டவும் ஓட்டவும் அது பொத்தான் கொடுத்தது. எதை நிறுத்துவது, யாரைத் தாண்டுவது என்று அதுவா சொன்னது?

ஆகவே கேட்கிறேன். வீடு தேடி வந்த செய்தியை "பிறகு பார்க்கலாம்" என்று சேமித்து வைத்தீர்களே, அந்தப் பிறகு உங்கள் வீட்டில் எந்தக் கிழமை வருகிறது? கட்டைவிரலைத் தூக்கினீர்களே, நாக்கைத் தூக்க அதைவிட அதிக நேரமா ஆகும்? கொலைகாரன் யார் என்பதை ஒளித்து வைத்துக் காத்தீர்களே, கூடத்தில் நின்றவள் யார் என்பதைத் திரும்பிப் பார்த்தீர்களா? தொடர் தொடரட்டும், படம் படமாக ஓடட்டும், பாட்டுப் பாடட்டும்! ஆனால் உங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒருவர் நின்றுகொண்டு, "ஒரு விஷயம் சொல்லணும்" என்றால், காதிலிருப்பதைக் கழற்றுங்கள்! மடியிலிருப்பதை இறக்குங்கள்! "சொல்லு" என்று சொல்லுங்கள்!

தலைவர் இரண்டாவது சீட்டை எடுத்துவிட்டார். முடித்துவிடுகிறேன்.

கடை சிறக்கட்டும். விற்பனை பெருகட்டும். தனி நாற்காலி வேண்டுவோர் எதிர்ப்புறக் கடைக்கு வரவும், வெட்டித் தருகிறேன். மனம் மாறி வருவோருக்குச் சேர்த்தும் தருகிறேன், தையல் மட்டும் தெரியும். என்னைப் படம் பிடித்த இளைஞர்களே, இதை நீங்கள் இரட்டை வேகத்தில்தான் பார்ப்பீர்கள் என்று தெரியும். பரவாயில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்று மட்டும் செய்யுங்கள். யாருக்கும் அனுப்பி வைக்காதீர்கள். உங்கள் அம்மா எங்கே நிற்கிறாரோ அங்கே போய் நின்று, இந்தக் கதையின் முடிவை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

தாண்டாமல் கேட்ட காதுகளுக்கும், கேட்டுக்கொண்டே கண் கலங்கியதை மறைத்த பின்வரிசைத் தாய்க்கும், இவ்வளவையும் பொறுத்துக்கொண்ட கடை உரிமையாளருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். அனைவருக்கும் வணக்கம்.